வீடிழந்த வேந்தர்: ஓவியர் றெம்பிராண்ட்

ஒல்லாந்து தேசத்து லெய்டன் நகரிலே, காற்றாலை நடாத்திய ஒருவரின் ஒன்பதாவது மகவாக 1606ஆம் ஆண்டிற் பிறந்தவர் றெம்பிராண்ட். பல்கலைக்கழகத்திற் பெயர் பதிந்தும் நூற்கல்வியில் மனம் பதியாது தூரிகையையே நாடினார். ஆம்ஸ்டர்டாமிற் குடியேறியபின் புகழும் பொருளும் அவரைத் தேடி வந்தன. 1634இல் சஸ்கியா என்னும் நங்கையை மணந்தார். 1639இல் 13,000 கில்டர் விலையில் ஒரு மாளிகையைக் கடன்பட்டு வாங்கினார்.

இன்பம் நெடிது நிலைக்கவில்லை. குழந்தைகள் மூவர் மழலைப் பருவத்திலேயே மறைந்தனர். 1642இல் மனைவியும் மறைந்தார். தைத்துஸ் என்னும் மகனொருவனே எஞ்சினான். வருவாய் சுருங்கியது, அரும்பொருள் சேர்க்கும் ஆசையோ சுருங்கவில்லை. 1656இல் கடனிறுக்க இயலாதவரானார். உடைமைகள் ஏலத்திற் சென்றன. 1658இல் மாளிகையும் விலைப்பட்டது. யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றியதும் அவ்வாண்டே. நாடு கடல்கடந்து கோட்டைகளைப் பெற, அந்நாட்டின் தலைசிறந்த ஓவியர் தம் வீட்டை இழந்தார்.

அதே ஆண்டில் அவர் தம்மைத் தாமே ஓவியமாகத் தீட்டினார். நியூயோர்க்கிலுள்ள பிரிக் கலைக்கூடத்தில் இருக்கும் அப்படத்திலே நாம் முதலிற் காண்பது ஓர் அரசரை. பொன்னிற ஆடை, செந்நிறக் கச்சை, கையிலே கோல், அரியணையில் அமர்ந்தாற் போன்ற வீற்றிருக்கை. வறியவர்க்கு இக்கோலம் வீண்பெருமையன்றோ என ஐயுறத் தோன்றும்.

மேலும் நோக்குவோம். ஒளிபடும் இடங்களில் வண்ணம் தடிப்பாக அப்பப்பட்டுள்ளது. நிழலிடங்களில் மெல்லிதாகப் படர்ந்துள்ளது. அகன்ற தொப்பியின் நிழல் கண்கள்மேற் கவிகின்றது. நெற்றிச் சுருக்கத்தையும் தளர்ந்த கன்னத்தையும் அவர் மறைத்தாரல்லர். ஆடை புனைவு, முகமோ உண்மை. பெரியனவாய் முன்னே தோன்றும் கைகளை நோக்குமிடத்து அரசகோலத்தின் பொருள் விளங்கும். ஏலத்தில் எவராலும் விற்க இயலாத உடைமை அக்கைகளின் திறனே. அத்திறனாலேயே அவர் வேந்தர்.

1663இல் துணைவி ஹென்றிக்கியும் 1668இல் தைத்துஸும் இறந்தனர். எனினும் தூரிகை ஓயவில்லை. 1669இல், தாம் மறைந்த அவ்வாண்டிலும், தம் முகத்தை வரைந்தார். இளமை தொட்டு அவர் ஆக்கிய தன்னுருவப் படங்கள் ஏறத்தாழ எண்பது. துன்பத்தை அவர் ஒளிக்கவுமில்லை. அதனைக் காட்டி இரக்கம் வேண்டவுமில்லை. கண்ணாடி காட்டியதைக் கண்கூசாது நோக்கினார். கலை பயிலும் மாணவர் கைத்திறனுக்கு முன்னர் அவரிடம் கற்கவேண்டியது அந்நேர்மையே.