பன்மொழி பயின்ற பர்ட்டன்

நீலகிரியின் மேற்கே அவலாஞ்சிப் பள்ளத்தாக்கையும் அதனை அடுத்த குந்தா மலைகளையும் அறிந்தோர், அங்கே எருமை மேய்த்து வந்த தோடரையும் அறிவர். எழுத்தின்றி வாய்மொழியாகவே வழங்கிவந்த அவர்தம் பாஷையைக் கற்க முற்பட்ட அந்நியருள் ஒருவர் ஸர் ரிச்சர்டு பர்ட்டன்.

இவர் 1821ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். இளமை பெரும்பாலும் பிரான்ஸிலும் இத்தாலியிலும் கழிந்தமையால், பல பாஷைகளின் ஒலி பாலியத்திலேயே செவிக்குப் பழகிற்று. 1842இல் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் பம்பாய்ச் சேனையில் சேர்ந்து, ஹிந்துஸ்தானி, குஜராத்தி, மராத்தி ஆகியவற்றில் ஒன்றன்பின் ஒன்றாகப் பரீக்ஷை தேறினார்.

ஸிந்து தேசத்தில் நோயுற்ற அவர், 1847இல் விடுமுறை பெற்று, கோவா, கள்ளிக்கோட்டை வழியாக உதகமண்டலம் சேர்ந்தார். இளைப்பாற வந்தவர் தெலுங்கு, தோடா, பாரசீகம், அரபு ஆகிய நான்கினையும் ஒருங்கே பயிலலானார். இடையே கண்ணோய் வந்து வருத்திற்று. எனினும் அவ்வாண்டு அக்டோபரில் பம்பாய் சென்று பாரசீகப் பரீக்ஷையில் முதல்வராகத் தேறினார்.

அவர் கைக்கொண்ட முறை யாதெனில், முதல் வாரத்தில் முந்நூறு சொற்களை மனத்தில் இருத்துவார். ஒரே மூச்சில் கால் மணி நேரத்துக்கு மேற் படியார். படிப்பதனை வாய்விட்டே படிப்பார். பழகாத ஒலியை நாளொன்றுக்குப் பல்லாயிரம் முறை சொல்லி நாவைப் பழக்குவார். பிறர் பேசுங்கால் அவர்தம் சொற்களை ஒலியின்றித் தமக்குள்ளே திரும்பச் சொல்லிக்கொள்வார். இவ்வாறு அந்நிய பாஷை அவர் உள்ளத்தின் பேச்சாயிற்று. 1853இல் மாறுவேடம் பூண்டு மக்கா யாத்திரை செய்தபொழுது, நாத் தவறின் உயிருக்கே அபாயம். அன்று அவரைக் காத்தவற்றுள் இப்பழக்கமும் ஒன்று என்போம். 1890இல் டிரியெஸ்ட் நகரில் காலமானார்.

நாமோ கடைவீதியில் தமிழில் எண்ணுகிறோம். கணித வகுப்பில் ஆங்கிலத்தில் பெருக்குகிறோம். தமிழின் மூன்று, தெலுங்கின் மூடு, கன்னடத்தின் மூரு ஆகியவற்றைச் சேர்த்துப் பயில்வோன் ஒன்றற்கு மற்றொன்றைச் சொல்லி மயங்குதல் இயல்பே. அம்மயக்கத்திற்கு அஞ்சி மாணவர் சிலர் புதிய பாஷையைக் கைவிடுகின்றனர். அவர்கட்கு நாம் கூறுவது இதுவே: தினந்தோறும் கால் மணி நேரம் வாய்விட்டுப் படியுங்கள், படிகளில் ஏறுங்கால் அப்பாஷையிலேயே எண்ணுங்கள். எண்ணுகையில் தாய்மொழியின் துணையை நாடாத நாளில், அது நும் பாஷைகளுள் ஒன்றாகிவிட்டதென அறிவீர்.