வெள்ளோட்டம் கண்ட வீரர் கரிவரதன்

பிறர் செய்த வண்டியை விலைகொடுத்து வாங்கி ஓட்டி மகிழ்வோர் உலகிற் பலர். தாமே ஒரு வண்டியைச் சமைத்து, அதன் குற்றங் குணங்களைத் தாமே ஓட்டி ஆராய்ந்து, பின்னர் அதனைப் பிறர் கையில் ஈந்தோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் கோயம்புத்தூர் கரிவரதன். அவர்தம் வரலாற்றைச் சுருங்க உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதப் புகுமுன் எம் உள்ளம் பெரிதுந் தயங்கியது. எம் ஊராகிய வாசுதேவநல்லூர் மேற்குமலைத் தொடரின் அடிவாரத்தில் உள்ளது. மதுரையினின்று கொல்லஞ் செல்லும் நெடுஞ்சாலை அவ்வூர் வழியே போகின்றது. புளியங்குடி எலுமிச்சை ஏற்றிய லாரிகளும், பள்ளிச் சிறாரும், ஆடுமாடுகளும் ஒருங்கே செல்லும் அச்சாலையில், சென்ற ஆண்டு எம்முடன் பயின்ற தோழன் ஒருவன் மோட்டார் சைக்கிளிற் பந்தயமிட்டு ஓடி உயிர் துறந்தான். அவனை அடக்கஞ் செய்து மீண்ட யாம், வேகத்தையே வாழ்வாகக் கொண்ட ஒருவரைப் போற்றுதல் தகுமோ என ஐயுற்றோம். கரிவரதன் வரலாற்றை ஆராய்ந்த பின்னரே அவ்வையம் ஒருவாறு நீங்கிற்று.

கரிவரதன் 1954-ஆம் ஆண்டிற் பிறந்தார். 1910-இல் குப்புசாமி நாயுடு தோற்றுவித்த இலட்சுமி ஆலையினர் குடும்பமே அவர் குடும்பம். பஞ்சும் நூலுமாகிய குலத்தொழில் கைவரப்பெற்றும், அவர் நெஞ்சம் மோட்டார்ப் பந்தயத்தையே நாடிற்று. அந்நாளில் தென்னாட்டுப் பந்தயங்களுக்கு நிலைக்களமாக விளங்கியது சென்னைக்கு அணித்தாயுள்ள சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானத்தளம் அது. விமானம் ஓடிய பாதையிலே கார்கள் ஓடின. அங்கே கரிவரதனும் ஓட்டினார், புகழும் எய்தினார்.

ஆயினும் தம் புகழோடு அவர் அமைந்துவிடவில்லை. பந்தயக் கார் என்பது அயல்நாட்டிலிருந்து பெரும்பொருள் செலவிட்டு வருவிக்க வேண்டிய ஒன்றாய் இருந்தது. ஆற்றலிருந்தும் பொருளில்லாத இளைஞன் வேலிக்கு வெளியே நின்று காண்பதன்றி வேறு செய்வதற்கில்லை. இக்குறையை நீக்க அவர் நாடிய கருவி, 1983-இல் வெளிவந்த மாருதி 800 என்னும் சிறு கார். அதன் எஞ்சின் மூன்று சிலிண்டர்களும் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடையது. அதன் உறுப்புக்கள் நம் நாட்டிலேயே எளிதிற் கிடைப்பன. அவ்வெஞ்சினையே கொண்டு ஒருவர் மட்டும் அமரத்தக்க பந்தய வண்டியை அவர் சமைத்தார். ஃபார்முலா மாருதி என்னும் பெயரால் அது நாடெங்கும் அறியப்பட்டது.

சிறிய எஞ்சின் பந்தயத்திற்கு எங்ஙனம் உதவும் என வினவலாம். விடை எடையில் உள்ளது. கதவு, கூரை, பின்னிருக்கை முதலியவற்றை நீக்கி வண்டியின் சுமையைக் குறைத்தால், அதே வலி விரைவாகப் பிறக்கும். வண்டியின் உடல் தரையை ஒட்டித் தாழ்ந்திருப்பின் வளைவுகளில் அது நிலைகுலையாது. அடக்கமான வலியை அறிந்து பயன்படுத்தக் கற்றவனே பின்னர்ப் பெருவலியை ஆள வல்லவனாவான்.

இவ்வுண்மையை யாம் ஏட்டில் மட்டும் கற்றிலேம். கோவையில் மோட்டார்த் தொழில் செய்யும் எம் மாமன், செட்டிபாளையத்திலுள்ள பந்தயச் சாலைக்கு எம்மை அழைத்துச் சென்றார். ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் ஒற்றையிருக்கை வண்டியொன்றை மெல்ல வெள்ளோட்டம் பார்க்க இசைவு கிட்டிற்று. பாதி படுத்தாற்போல அமர்ந்தோம். தோளையும் இடையையும் வார்கள் இறுகப் பிணித்தன. எஞ்சின் எம் முதுகின் பின்னே முழங்கிற்று. முதலில் தோன்றியது மகிழ்ச்சியன்று, அச்சமே. மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடுங்கால், அதனினும் இருமடங்கு விரைவதாகத் தோன்றிற்று. சாலையிற் கிடந்த சிறு பருக்கையும் முதுகெலும்பில் உணரப்பட்டது. சக்கரத்தை விரலளவு திருப்பினும் வண்டி திரும்பியது. வளைவினுட் புகுமுன்னரே விரைவைத் தணித்தல் வேண்டும், கண் வளைவின் முடிவை நோக்கல் வேண்டும் என்று ஆசிரியர் பன்முறை அறிவுறுத்தினார். அப்பொழுது எம் தோழனை நினைந்தோம். அவனுக்கு இதனைச் சொல்வாரும் இலர். சொல்லுதற்கேற்ற இடமும் இல்லை.

வெள்ளோட்டம் என்பது வெறும் விளையாட்டன்று. 1888-இல் பெர்த்தா பென்ஸ் அம்மையார் தம் கணவர் செய்த மூன்று சக்கர வண்டியில் மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை ஓட்டிச் சென்றபோது, தேய்ந்த தடைக்கட்டைக்கு வழியிற் செம்மானைக் கொண்டு தோல் வைத்துத் தைப்பித்தார். ஓட்டிப் பார்த்தவர்க்கே குறை புலனாகும். கரிவரதனும் சமைப்போராகவும் ஓட்டுவோராகவும் இருந்தமையின், கை அறிந்ததைக் கருத்தும், கருத்து அறிந்ததைக் கையும் திருத்தின.

அவர் வாழ்நாள் நீண்டிலது. 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், இலேசு விமானம் ஒன்றிற் பறக்குங்கால் அது வீழ்ந்து, நாற்பதையொட்டிய வயதில் உயிர் நீத்தார். ஆனால் அவர் தொடங்கிய பணி வீழ்ந்திலது. அவர் வண்டியிற் பழகிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005-ஆம் ஆண்டில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். எம்மை அச்சமும் தெளிவும் கொள்வித்த செட்டிபாளையச் சாலை 2003-இல் திறக்கப்பெற்றது. 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள அது கரிவரதன் பெயரையே தாங்கி நிற்கின்றது.

மாணவத் தோழர்களே! இளமைக்கு வேகம் இயல்பு; அதனைத் தூற்றுவதாற் பயனில்லை. அதற்கோர் இடமும், நெறியும், கற்பிப்பாரும் வேண்டும் என்பதே கரிவரதன் வாழ்வு நமக்குக் காட்டும் உண்மை. அவர் அளித்தது வண்டி மட்டுமன்று; வேலிக்கு வெளியே நின்றவன் உள்ளே வந்து முறையாகக் கற்பதற்குரிய வாயிலுமாகும். அத்தகைய வாயில் எம் ஊர்ப்பக்கத்தும் ஒன்று இருந்திருப்பின், எம் தோழன் இன்று எம்மருகே அமர்ந்து இக்கட்டுரையைப் படித்துக்கொண்டிருப்பான்.