இந்திய ஸ்டீலின் ரகசியம் தேடிய கொல்லர் மகன்: ஃபாரடேயின் காந்தம் இன்று என்ன செய்கிறது?

கொல்கத்தா நியூ டவுனில் ஐடி வேலையா உங்களுக்கு? அப்படியானால் தினமும் லிஃப்டில்தான் மேலே போவீர்கள். அந்த லிஃப்டைத் தாங்குவது, மெல்லிய ஸ்டீல் கம்பிகளை முறுக்கிய கயிறு. ஸ்டீலை இழுத்துக் கம்பியாக்கும்போது, உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் சிக்கியிருந்தாலே கம்பி அறுந்துபோகலாம். அந்தத் துகளை விரட்ட இன்று உதவுவது, 1867-ல் மறைந்த மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த விதிகள்.

யார் இந்த ஃபாரடே?

1791-ல் லண்டனை ஒட்டிய பகுதியில், கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். வீட்டில் வறுமை. 14 வயதில் புத்தக பைண்டிங் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியல் கற்றார். 1812-ல் விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் உரைகளைக் கேட்டார். எடுத்த குறிப்புகளை பைண்ட் பண்ணி அவருக்கே அனுப்பினார். அடுத்த ஆண்டே ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது.

நம்ம ஊர் ஸ்டீலில் என்ன தேடினார்?

தென்னிந்தியாவின் உட்ஸ் எஃகு அப்போதே உலகப் புகழ் பெற்றது. நம்ம கொடுமணலில் பழங்கால இரும்பு உலைகளே கிடைத்திருக்கின்றன. 1819-ல் உட்ஸை ஆராய்ந்த ஃபாரடே, அதில் சிறிதளவு அலுமினாவும் சிலிக்காவும் இருப்பதாகக் கண்டார். அதுதான் ரகசியம் என நினைத்தார். ஆனால் உண்மையான காரணம் கார்பனும் அது எஃகுக்குள் பரவிய விதமும்தான் என்பது பின்னால் தெரிந்தது. கூட்டாளி ஜேம்ஸ் ஸ்டோடார்ட் 1823-ல் இறந்தார். எஃகு ஆய்வும் மெல்ல நின்றுபோனது.

அப்புறம்?

மின்சாரம் அவரை இழுத்துக்கொண்டது. 1821-ல், பாதரசத்தில் தொங்கவிட்ட கம்பியில் மின்சாரம் பாய்ச்சி, அதைக் காந்தத்தைச் சுற்றிச் சுழல வைத்தார். 1831-ல், மாறும் காந்தப்புலம் மின்சாரத்தை உண்டாக்கும் என்று காட்டினார். 1832-ல் வாட்டர்லூ பாலத்துக்கே போனார். பூமியின் காந்தப்புலத்தில் ஓடும் தேம்ஸ் நதியில் மின்சாரம் பிறக்கிறதா என்று அளக்கப் பார்த்தார். தெளிவான விடை கிடைக்கவில்லை.

சரி, இதுக்கும் ஸ்டீலுக்கும் என்ன சம்பந்தம்?

நதிக்குப் பதில் உருகிய ஸ்டீலை வைத்துப் பாருங்கள். தொடர் வார்ப்பில், சுமார் 1,500 டிகிரி செல்சியஸில் உருகிய ஸ்டீல், தண்ணீரால் குளிரூட்டப்படும் செப்பு அச்சுக்குள் பாய்கிறது. பாய்ச்சல் வேகமானால் கழிவுத் துகள்களையும் ஆழத்துக்கு இழுத்துப்போய்விடும். அங்கேயே அவை உறைந்துவிடும்.

இங்கேதான் காந்தம் வருகிறது. அச்சின் குறுக்கே நிலையான காந்தப்புலம் வைத்தால், ஓடும் ஸ்டீலுக்குள்ளேயே மின்சாரம் பிறக்கும். அந்த மின்சாரமும் காந்தப்புலமும் சேர்ந்து ஓட்டத்துக்கு எதிராகத் தள்ளும். எதுவும் தொடாமலே பிரேக்! வேகம் குறைவதால் துகள்கள் மேலே மிதந்து வந்து, மேற்பரப்பில் இருக்கும் கசடில் சேர்ந்துவிடும். ஸ்வீடனின் ஏஎஸ்இஏவும் ஜப்பானின் கவாசாகி ஸ்டீலும் 1980-களில் இதை ஆலைக்குக் கொண்டுவந்தன. அகலமான பலகை வார்ப்புக்கு இந்த பிரேக். கம்பி, தண்டு வகைகளுக்கான வார்ப்பில், சுழலும் காந்தப்புலத்தால் ஸ்டீலைக் கலக்கிவிடுகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்று விரட்டப்படும் துகள்களில் முக்கியமானது அலுமினா. உட்ஸின் ரகசியம் என ஃபாரடே சந்தேகப்பட்ட அதே பொருள்!

சர் பட்டத்தையும் ராயல் சொசைட்டி தலைவர் பதவியையும் வேண்டாம் என்றவர் ஃபாரடே. ஸ்டீலுக்காக உழைத்த ஆண்டுகளில் அவர் தேடியது கிடைக்கவில்லை. ஸ்டீலை விட்டு நகர்ந்த பிறகு கண்டுபிடித்ததுதான் இன்று ஸ்டீலைச் சுத்தமாக்குகிறது.