நன்றி மறவா நல்லாசான்

தமிழ்த் தாத்தா என்று போற்றப்படும் உ. வே. சாமிநாதையர், 1855ஆம் ஆண்டு பிறந்தார். குடும்பமோ வறுமையில் வாடியது. ஆயினும், தமிழ் கற்கும் வேட்கை அவரை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கொண்டு சேர்த்தது.

பிள்ளையவர்களின் மூத்த மாணவரான தியாகராச செட்டியார், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கினார். உடல்நலம் குன்றி ஓய்வுபெற விரும்பிய அவர், இளைஞரான சாமிநாதையரையே தம் இடத்திற்குப் பரிந்துரைத்தார். 1880இல் சாமிநாதையர் அப்பணியை ஏற்றார்.

அதே ஆண்டில் சேலம் இராமசாமி முதலியார் அவரைப் பழந்தமிழ் நூல்களின்பால் ஆற்றுப்படுத்தினார். சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏட்டுச்சுவடிகளைத் தேடினார். பல சுவடிகள் செல்லரித்திருந்தன. சில நெருப்புக்கு இரையாகியிருந்தன. இழந்தவற்றை எண்ணி அவர் சோர்ந்துவிடவில்லை. கிடைத்தவற்றை ஒப்பிட்டு ஆராய்ந்து, 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். புறநானூறு, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியனவும் பின்னர் வெளிவந்தன. சுவடி தந்தோரையும் உடனுழைத்தோரையும் தம் முன்னுரைகளில் பெயர் சுட்டிப் போற்றினார்.

1903இல் அவர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பெற்றார். திருவல்லிக்கேணிப் பகுதியில் சொந்த வீடும் அமைந்தது. அதற்கு முன்பே செட்டியார் மறைந்துவிட்டார். நேரில் நன்றி கூற வழியில்லை. ஆகவே, சாமிநாதையர் அவ்வீட்டிற்குத் 'தியாகராச விலாசம்' என்று பெயரிட்டார். செட்டியாரின் வரலாற்றையும் நூலாக எழுதினார்.

1942இல் சாமிநாதையர் மறைந்தார். அவர் மீட்ட நூல்கள் தமிழின் பெருமையை உணர்த்துகின்றன; அவர் வீட்டிற்கு இட்ட பெயர், உதவியவரை மறவாத அவரது உள்ளத்தை உணர்த்துகிறது.