ஜெயிச்சாலும் கிண்டல், தோத்தாலும் கிண்டல்... ஆனாலும் நாற்காலியை விட்டுக்கொடுக்காத வேரா மென்சிக்!

உங்க போன்ல செஸ் ஆப் இருக்கா? இருந்தா, ராத்திரி படுத்துக்கிட்டே முகம் தெரியாத யாரோ ஒருத்தரோடு ஒரு கேம் ஆடியிருப்பீங்க. எதிரில் இருப்பது ஆணா, பெண்ணா, திருநரா... எதுவும் தெரியாது. தெரிஞ்சுக்கணும்னு தோணியும் இருக்காது. அவர் குதிரையை எங்கே நகர்த்தப் போறார் என்பதுதான் உங்க ஒரே கவலை.

ஆனா, நூறு வருஷத்துக்கு முன்னாடி கதையே வேற. எதிர் நாற்காலியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாலே அது செய்தி. அவரிடம் தோத்துட்டா அது அவமானம். அப்படிப்பட்ட காலத்தில், ஆண்கள் மட்டுமே நிறைந்திருந்த அறைக்குள் போய் உட்கார்ந்தவர் வேரா மென்சிக். உலகின் முதல் பெண்கள் செஸ் சாம்பியன். இவர் கதையைத் தெரிஞ்சுக்கிட்டா, இன்னிக்கு செஸ்ஸில் ஓடிக்கிட்டிருக்கிற ஒரு சண்டையும் உங்களுக்குப் புரியும்.

மொழி தெரியாத ஊரில்...

1906 பிப்ரவரி 16 அன்று மாஸ்கோவில் பிறந்தார் வேரா. அப்பா செக் நாட்டைச் சேர்ந்தவர், அம்மா இங்கிலாந்துக்காரர். ஒன்பது வயசில் அப்பா ஒரு செஸ் போர்டைக் கொடுத்து ஆடக் கற்றுக்கொடுத்தார். வசதியான குடும்பம்தான். ஆனா, ரஷ்யப் புரட்சி வந்ததும் அப்பாவின் மில் கையைவிட்டுப் போனது.

1921-ல் அம்மாவும், வேராவும், தங்கை ஓல்காவும் இங்கிலாந்துக்கு வந்து, ஹேஸ்டிங்ஸ் என்ற கடற்கரை ஊர்ப்பக்கம் குடியேறினார்கள். அப்பா தன் சொந்த நாட்டுக்கே திரும்பிவிட்டார். பதினைந்து வயசுப் பெண். புது ஊர். இங்கிலீஷ் சரளமா வராது. பேசாமலே ஆடக்கூடிய செஸ்தான் அவருக்குத் துணையானது.

1923-ல் ஹேஸ்டிங்ஸ் செஸ் கிளப்பில் சேர்ந்தார். அங்கே ஹங்கேரியைச் சேர்ந்த பெரிய மாஸ்டர் கேஸா மரோட்ஸியிடம் பாடம் கற்கும் வாய்ப்பு கிடைத்தது. அவசரப்படாம நிலையைப் பலப்படுத்திக்கொண்டு, எதிராளியின் தப்புக்காகப் பொறுமையாகக் காத்திருக்கும் ஆட்டம் வேராவுடையது.

1927-ல் லண்டனில் பெண்களுக்கான முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. 11 ஆட்டங்கள். 10 வெற்றி, ஒரு டிரா. 21 வயசில் உலக சாம்பியன்!

கிண்டலுக்காக ஒரு 'கிளப்'

1929-ல் கார்ல்ஸ்பாடில் ஒரு பெரிய போட்டி. மொத்தம் 22 பேர். அதில் 21 பேர் ஆண்கள், 22-வது ஆள் வேரா. அவரைச் சேர்த்ததே வியன்னாவைச் சேர்ந்த ஆல்பர்ட் பெக்கர் என்ற மாஸ்டருக்கு வேடிக்கையாக இருந்தது. வேராவிடம் தோற்கிறவர்களை எல்லாம் 'வேரா மென்சிக் கிளப்'பில் உறுப்பினராகச் சேர்க்கணும்னு கிண்டலடித்தார்.

அப்புறம் என்ன ஆச்சுன்னு ஊகிச்சிருப்பீங்களே... அந்த கிளப்பின் முதல் உறுப்பினர் பெக்கரேதான்!

வருஷம் போகப் போக கிளப் பெரிசாகிக்கிட்டே போனது. பின்னாளில் உலக சாம்பியன் ஆன மேக்ஸ் யூவே அதில் இரண்டு முறை சேர்ந்தார். அமெரிக்காவின் சாமுவேல் ரெஷெவ்ஸ்கியும் தப்பவில்லை. பிரிக்கப்படாத இந்தியாவின் பஞ்சாபிலிருந்து போய், பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்பை மூன்று முறை வென்ற மிர் சுல்தான் கானும் வேராவிடம் தோத்தவர்தான்.

கேட்க ஜாலியா இருக்கு இல்லையா? ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. அந்த ஜோக் எதை வெச்சு ஓடுச்சு? பெண்ணிடம் தோற்பது கேவலம் என்ற நினைப்பை வெச்சுத்தானே? ஒரு ஆண் மாஸ்டர் ஜெயிச்சா அது திறமை. வேரா ஜெயிச்சா, தோத்த ஆணைப் பார்த்து சிரிப்பு. அவர் ஆடிய ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆளில்லை.

கடைசி இடமும், இரண்டாம் இடமும்

உண்மையையும் சொல்லிடணும். அதே கார்ல்ஸ்பாடில் வேரா பிடித்தது கடைசி இடம். 21 ஆட்டங்களில் 3 புள்ளி. பிறந்த ஊரான மாஸ்கோவில் 1935-ல் ஆடியபோதும் கடைசி இடம்தான். 19 ஆட்டங்களில் ஒன்றரைப் புள்ளி. காபாபிளாங்கா போன்ற உச்ச வீரர்களை அவர் ஒருமுறைகூட ஜெயிச்சதில்லை.

பட்டியலில் யாரோ ஒருத்தர் கடைசியா வரத்தான் செய்வார். அது ஆணாக இருந்தால், இந்தத் தடவை அவருக்குச் சரியா அமையலைன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. வேரா கடைசியில் வந்தால், பெண்களின் மூளையே செஸ்ஸுக்கு ஆகாது என்பதற்கு ஆதாரம் ஆக்கிடுவாங்க. ஒவ்வொரு முறையும் மொத்தப் பெண் இனத்துக்கும் சேர்த்து அவர் ஒருத்தரே பரீட்சை எழுத வேண்டியிருந்தது.

அதே 1929-ல் ராம்ஸ்கேட் நகரில் நடந்த போட்டியைப் பாருங்க. காபாபிளாங்கா முதலிடம். அரைப் புள்ளி மட்டும் பின்தங்கி, ரூபின்ஸ்டைனோடு இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார் வேரா. அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த மரோட்ஸி, அவருக்குப் பின்னால்தான் வந்தார்.

83 ஆட்டம், ஒரே ஒரு தோல்வி

1927-லிருந்து 1939 வரை ஏழு முறை பெண்கள் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. ஏழிலும் வேராதான் சாம்பியன். மொத்தம் 83 ஆட்டங்கள். 78 வெற்றி, 4 டிரா, ஒரே ஒரு தோல்வி.

இவ்வளவு வித்தியாசம் எப்படி வந்தது? செஸ்ஸில் உங்களைவிட வலுவானவரோடு மோதினால்தான் வளர முடியும். அதற்கு கிளப் வேணும், கோச் வேணும், பெரிய போட்டிகளுக்கு அழைப்பு வேணும். வேராவுக்கு இதெல்லாம் கிடைச்சது. மற்ற பெண்கள் பலருக்கு அந்தக் கதவு திறக்கவே இல்லை.

அவருக்கு ஓரளவு ஈடுகொடுத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த சோனியா கிராஃப். கிராப் வெட்டிய முடி, ஆண்கள் பாணியில் உடை என்று வலம் வந்தவர். பெண்ணுன்னா இப்படித்தான் இருக்கணும் என்ற சட்டத்துக்குள் இவரும் அடங்கலை. 1939-ல் பியூனஸ் அயர்ஸில் இருவரும் மோதிய ஆட்டத்தில் சோனியாவின் கைதான் ஓங்கியிருந்தது. ஆனா, பொறுமை வேராவைக் காப்பாற்றியது. அவருக்கு ஏழாவது பட்டம். அந்தப் பயணத்தின் நடுவில்தான் இரண்டாம் உலகப் போர் வெடித்தது.

ஒரு ராத்திரியில் முடிந்த கதை

1937-ல் தன்னைவிட 28 வயது மூத்த செஸ் நிர்வாகி ஸ்டீவன்சனைத் திருமணம் செய்திருந்தார் வேரா. 1943-ல் அவர் இறந்துபோனார். வேரா பாடம் எடுத்தார், போட்டிகளில் ஆடினார், போர்க்காலத்திலும் செஸ்ஸை விடவில்லை.

1944 ஜூன் மாதம். தெற்கு லண்டனின் கிளாபம் பகுதியில் இருந்த அவர்கள் வீட்டின் மேல் ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டு விழுந்தது. வேரா, ஓல்கா, அம்மா... மூன்று பேரும் ஒரே ராத்திரியில் போய்விட்டார்கள். அப்போது வேராவுக்கு 38 வயசு. அன்றும் அவர்தான் உலக சாம்பியன். அவர் விட்டுப்போன பட்டத்துக்கு அடுத்த சாம்பியன் வர 1950 ஆனது.

அந்தக் கோப்பை நம்ம ஊருக்கும் வந்தது!

பெண்கள் செஸ் ஒலிம்பியாடில் ஜெயிக்கும் அணிக்குக் கொடுக்கப்படுவது 'வேரா மென்சிக் கோப்பை'. 2022-ல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாடில் உக்ரைன் பெண்கள் தூக்கிப் பிடித்தது அதைத்தான். 2024-ல் புடாபெஸ்டில் இந்தியப் பெண்கள் அதை முதல்முறையாக வென்றபோது, அந்த அணியில் நம்ம சென்னைப் பொண்ணு வைஷாலியும் இருந்தார்.

சரி, நாற்காலிப் பிரச்னை முடிஞ்சிடுச்சா? இல்லைங்க. 2023 ஆகஸ்டில் சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே ஒரு விதி கொண்டுவந்தது. ஆராய்ந்து முடிவெடுக்கும் வரை திருநங்கைகள் பெண்கள் பிரிவுப் போட்டிகளில் ஆட முடியாது, அந்த முடிவுக்கு இரண்டு வருஷம் வரைகூட ஆகலாம் என்றது. திருநம்பிகள் முன்பு வாங்கிய பெண்கள் பிரிவுப் பட்டங்களும் போய்விடும் என்றது. பொதுப் பிரிவில் எல்லோரும் ஆடலாம். இங்கிலாந்து உள்ளிட்ட சில நாடுகளின் கூட்டமைப்புகள் இந்த விதியோடு உடன்படவில்லை.

ஓட்டப்பந்தயத்தில் தசை பலம் பற்றிப் பேசலாம். யானையை நாலு கட்டம் நகர்த்த என்ன பலம் வேணும்? பெண்களுக்குத் தனிப் பிரிவு வந்ததே, அவர்களுக்கு வாய்ப்பும் மரியாதையும் குறைவாகக் கிடைத்ததால்தான். அந்த இரண்டுமே குறைவாகக் கிடைக்கிற இன்னொருத்தரை அதே வாசலில் நிறுத்தி வைப்பது என்ன நியாயம்?

இன்னிக்கு ராத்திரி ஆப்பைத் திறந்து, யாரோ ஒருத்தரிடம் தோத்துட்டீங்கன்னா, 'நல்லா ஆடினீங்க'ன்னு ஒரு மெசேஜ் தட்டிவிடுங்க. அது யாருன்னு தெரியாமலே அனுப்புங்க. வேராவிடம் தோத்த ஆண்கள் செய்திருக்க வேண்டியதும் அதுதான்.