கரும்புகை

லேப் கார் கரும்புகை கக்கியது. ரிச் மிக்சர்தான் என்று ஜெட்டை மாற்றினேன், புகை நிற்கலை. அன்று ராத்திரி படித்த பெயர் பியாட்ரிஸ் ஷில்லிங்.

1909-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 14 வயதில் மோட்டார் சைக்கிள், பிறகு மான்செஸ்டரில் இன்ஜினியரிங். 1940 போரில் ஸ்பிட்ஃபயர் மூக்கைக் கவிழ்த்தால் மெர்லின் இன்ஜின் திணறும். ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் மேலே ஏறி முதலில் லீன். உடனே சேம்பர் நிரம்பி வழிந்து ரிச், கரும்புகை. இன்ஜெக்ஷன் உள்ள ஜெர்மன் விமானம் அதற்குள் தப்பிடும்! கார்புரேட்டரையே மாற்ற நேரமேது? முழு பவருக்கு வேண்டியதை மட்டும் விடும் ஓட்டையுள்ள சின்னப் பித்தளைத் துண்டை பெட்ரோல் லைனில் வைத்தார். 1941-ல் விமானத் தளம் தளமாகப் போய் மாட்டினார். கோளாறு முழுக்கத் தீரலை. ஆனா இன்ஜின் நிற்கலை. 1990-ல் மறைந்தார்.

மறுநாள் ஜெட்டை விட்டுட்டு ஃப்ளோட் சேம்பரைத் திறந்தேன். நீடில் வால்வில் தூசி!