இமாம் கஸ்ஸாலி (ரஹ்): பேச மறுத்த நாவு



ஹிஜ்ரி 488. பாக்தாத் நிஜாமிய்யா மதரஸாவில் 300 மாணவர்களுக்குப் பாடம் நடத்தி வந்தார்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). தாம் போதிப்பது அல்லாஹ்வுக்காகவா, பெயர் புகழுக்காகவா என்ற சந்தேகம் அவர்களை வாட்டியது. பதவியை விடவும் பயம்.

ஆறு மாதத் தவிப்பில் நாவு பேச மறுத்தது, உணவும் இறங்கவில்லை. மருத்துவர்கள் கைவிட்டார்கள். இயலாமையோடு அல்லாஹ்விடம் ஒதுங்கினார்கள். நெருக்கடியில் அழைப்பவருக்குப் பதிலளிக்கும் ரப்பு, பதவியைத் துறப்பதை இலேசாக்கினான். ஷாம் தேசம் புறப்பட்டார்கள்.

பின்னர் இஹ்யாவில், குர்ஆனின் ஒவ்வொரு வசனமும் தன்னிடமே பேசுவதாகக் கருதி ஓதும்படி கற்றுத் தந்தார்கள்.

மூஸா (அலை) அவர்களிடம் பயப்பட வேண்டாம் என அல்லாஹ் சொன்ன இடத்தை இன்றிரவு ஓதுங்கள். அந்த ஆறுதல் உங்கள் கல்புக்கும்தான்.

அல்லாஹ் நம் அச்சங்களைப் போக்குவானாக! ஆமீன்.